சக்தி கிடைத்த நாளும் முடிவெடுத்த நாளும்

ஸ்பைடர்மேன் முதன்முதலில் 1962 ஆகஸ்ட் மாதத்துக் காமிக்ஸ் இதழ் ஒன்றில் வந்தான். அவன் யார், அந்த சக்தி எப்படிக் கிடைத்தது, ஏன் முகமூடி போட்டான் என்ற மொத்தக் கதையையும் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கங்களில் சொல்லி முடித்துவிட்டார்கள். பேட்மேனுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. 1939 மே மாத இதழில் அறிமுகமானவனுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த கதை ஒன்று உண்டு என்பதே அந்த ஆண்டு நவம்பரில்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது. அதுவும் இரண்டே பக்கங்களில். சூப்பர்மேனின் கிரகம் அழிந்தது, குழந்தை விண்கலத்தில் பூமிக்கு வந்தது எல்லாம் 1938இல் வெளியான முதல் கதையின் முதல் பக்கத்திலேயே தீர்ந்துபோயின.

இதே கதைகளைச் சொல்ல சினிமா இரண்டு, இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இதை வளவளப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு சூப்பர் ஹீரோ எப்படி உருவானான் என்று சொல்லும் நல்ல ஆரிஜின் படம் அந்த நேரத்தில் காமிக்ஸ் செய்யாத ஒன்றைச் செய்கிறது. நம்மைப் போன்ற ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருவனாக மாறுவதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம். அதே நேரத்தில், இந்த வகைப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே கடைசி அரை மணி நேரத்தில் தடுமாறுகின்றன. பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதுதான் என் எண்ணம். அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் எல்லோருக்கும் பிடித்த பகுதி: சக்தியைக் கற்றுக்கொள்ளும் காட்சிகள். 2008இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கிய ‘அயர்ன் மேன்’ படத்தில் நாயகன் டோனி ஸ்டார்க் தன் வீட்டின் அடித்தளத்தில் பறக்கும் காலணியைச் சோதித்துப் பார்க்கும் காட்சி நினைவிருக்கிறதா? மெதுவாக ஆரம்பிப்போம், 10 சதவீத விசை போதும் என்கிறான். அடுத்த நொடி பின்பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறான். பக்கத்தில் நிற்கும் எந்திரக் கை தீயணைப்புக் கருவியோடு காத்திருக்கிறது. இந்தக் காட்சியில் யாரும் யாரையும் காப்பாற்றவில்லை, சண்டையும் இல்லை. ஆனால் தப்பு செய்து, விழுந்து, திருத்தி, மறுபடி முயன்று பார்க்கும் ஒரு மனிதனை நாம் நெருக்கமாகப் பார்க்கிறோம். சைக்கிள் ஓட்டக் கற்ற எவருக்கும் அந்த உணர்வு புரியும்.

அந்தப் படம் ஒரு படி மேலே போய், கற்றதைக் கதைக்குள் திரும்பக் கொண்டுவருகிறது. முதல் தடவை ரொம்ப உயரம் பறக்கும்போது கவசத்தில் பனி உறைந்து, இயக்கம் நின்று, ஸ்டார்க் கீழே விழுகிறான். அப்புறம் அந்தக் குறையைச் சரிசெய்கிறான். கடைசிச் சண்டையில் வில்லன் ஒபடாயா ஸ்டேன் இன்னும் பெரிய கவசத்தோடு துரத்தும்போது, ஸ்டார்க் அவனை மேலே மேலே இழுத்துக்கொண்டு போகிறான். ஸ்டேனின் கவசத்தில் பனி உறைகிறது. அவன் வடிவமைப்பைத் திருடினான், விழுந்து எழுந்த அனுபவத்தைத் திருட முடியவில்லை. இடையில் வேடிக்கைக்காக வைத்த மாதிரி தெரிந்த ஒரு காட்சி க்ளைமாக்ஸைத் தாங்குகிறது. திரைக்கதையில் இப்படி விதைத்து அறுப்பதற்கு ஆரிஜின் படத்தில் இருக்கும் அளவு இடம் வேறு வகைப் படங்களில் குறைவு. அதன் நாயகனுக்கு ஆரம்பத்தில் எதுவுமே தெரியாதல்லவா!

சரி, சக்தியைக் கற்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் படத்தை மனதில் நிற்கவைப்பது அது இல்லை. சிலந்தி கடித்தது, மின்னல் பாய்ந்தது, ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் ஒருவனுக்கு நேர்வது. அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் கதை பிறக்கிறது. சாம் ரெய்மியின் 2002 ‘ஸ்பைடர்மேன்’ படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு சின்னக் காட்சிக்காகத்தான். சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற பீட்டர் மல்யுத்தத்தில் ஜெயிக்கிறான். 3,000 டாலர் தருவதாக விளம்பரம் சொல்லியிருந்தது, கையில் கிடைப்பது 100 டாலர். அதே நேரம் அந்தப் போட்டி நடத்துபவரிடம் ஒருவன் கொள்ளையடித்துக்கொண்டு ஓடி வருகிறான். பீட்டர் தடுத்திருக்கலாம். ஒதுங்கி வழிவிடுகிறான். பார்க்கும் நமக்கும் அந்த நொடி அது நியாயமாகத்தான் படுகிறது. ஏமாற்றியவனுக்கு இது வேண்டும் என்று நாமும் உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறோம். கொஞ்ச நேரத்தில் பீட்டரின் சித்தப்பா தெருவில் குண்டடி பட்டுக் கிடக்கிறார்.

அந்தக் காட்சியின் வலிமை முழுக்க நம்மையும் கூட்டாளியாக்கியதில் இருக்கிறது. அன்றைக்குக் காரில் இருந்து இறங்கும் முன் பீட்டர் சித்தப்பாவிடம் கடைசியாகப் பேசியது என் அப்பா மாதிரி நடிக்காதீர்கள் என்கிற ரீதியில்தான். பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற புகழ்பெற்ற வாசகத்தை அவர் சொல்வதும் அதே காரில்தான். 1962 காமிக்ஸில் அந்த வாசகம் யாருடைய வாயிலிருந்தும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாக, ஒரு பெட்டிக்குள் எழுதியிருக்கும். படத்தில் அதை ஒரு பெரியவர் அன்போடு சொல்கிறார், ஒரு பையன் எரிச்சலோடு தள்ளிவிடுகிறான். அறிவுரையாக இருந்தது குற்ற உணர்ச்சியாக மாறுகிறது. நடிகர்களின் முகம், கார் கண்ணாடி, மூடப்படும் கதவு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது.

இதே அளவுகோலை ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ படத்தில் வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. 2011இல் ஜோ ஜான்ஸ்டன் இயக்கிய அந்தப் படத்தில், ஒல்லியான ஸ்டீவ் ரோஜர்ஸ் பயிற்சி மைதானத்தில் நிற்கும்போது நடுவில் ஒரு கையெறி குண்டு வந்து விழுகிறது. திடகாத்திரமான வீரர்கள் சிதறி ஓடுகிறார்கள். அவன் மட்டும் ஓடிப்போய் அதன்மேல் கவிழ்ந்து படுத்து, மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொல்கிறான். குண்டு போலி. ஆனால் அவனுக்கு அது தெரியாது. உடம்பைப் பலமாக்கும் ஊசியைப் போடுவதற்கு முன்பே அவன் கேப்டன் அமெரிக்கா ஆகிவிட்டான். மருந்து கொடுத்தது உடம்பை மட்டும்தான். அந்த ஒரு காட்சி அவ்வளவு பலமாக இருப்பதாலேயே அதற்குப் பிந்தைய போர்க்காட்சிகள் எனக்கு வெறும் தொகுப்பாகத் தெரிந்தன. முடிவெடுத்த நாள் படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. மீதிப் படத்தில் அவனுக்கு மாற வேண்டிய தேவை இல்லை.

இங்கேதான் பலவீனம் எட்டிப் பார்க்கிறது. ஆரிஜின் படம் என்பது உண்மையில் இரண்டு படங்கள். ஒருவன் எப்படி நாயகன் ஆனான் என்பது ஒன்று, நாயகன் ஆனவன் யாரை எதிர்த்து நின்றான் என்பது இன்னொன்று. முதல் படம் நிதானம் கேட்கிறது, இரண்டாவது வேகம் கேட்கிறது. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தில் பேட்மேன் உடையோடு வந்து நிற்பதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த ஒரு மணி நேரம் அருமை. கிணற்றில் விழுந்த சிறுவன், கொலைகாரனைச் சுடத் துப்பாக்கியோடு நீதிமன்றம் போன இளைஞன், மலையுச்சியில் பயிற்சி எடுக்கும் மனிதன் என மூன்று காலங்களும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன. பயம் என்ற ஒரே சொல் எல்லாவற்றையும் கோக்கிறது. அப்புறம் நகரத்தின் தண்ணீரை ஆவியாக்கும் ஒரு எந்திரமும், அதை ஏற்றிக்கொண்டு ஓடும் ரயிலும் வந்து சேர்கின்றன. அத்தனை கவனமாகக் கட்டிய மனம் ஒரு பக்கம் நிற்க, அளவுமானியைப் பார்த்துப் பதறும் பொறியாளர்கள் இன்னொரு பக்கம் கத்துகிறார்கள்.

இன்னொரு சிக்கல் வில்லன். ‘அயர்ன் மேன்’ படத்தில் நாயகனுக்குக் கவசம், வில்லனுக்கு அதைவிடப் பெரிய கவசம். அதே 2008இல் வந்த ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ படத்தில் ராட்சசனை எதிர்க்க இன்னொரு ராட்சசன். கேப்டன் அமெரிக்காவின் எதிரி அதே மருந்தை முன்பே போட்டுக்கொண்டவன். 2015 ‘ஆன்ட்மேன்’ படத்தில் சுருங்கும் உடை போட்டவனுக்கு எதிராகச் சுருங்கும் உடை போட்ட இன்னொருவன். விமர்சகர்கள் இதைச் சோம்பல் என்று சொல்லும்போது எனக்கு முழுதாக உடன்பாடில்லை. காரணம் நேரம். ஒரு மனிதனுக்கு எப்படி சக்தி வந்தது என்று நம்பவைக்கவே படத்தின் பாதி செலவாகிறது. வில்லனுக்கு வேறொரு சக்தி, வேறொரு விளக்கம் என்று ஆரம்பித்தால் தாங்காது. பார்வையாளர் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட அதே விளக்கத்தை எதிரிக்கும் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். தவிர, நாயகன் வேறு முடிவெடுத்திருந்தால் இப்படித்தான் ஆகியிருப்பான் என்று காட்டவும் அது உதவுகிறது.

ஆனால் எழுத்தில் அழகாக இருக்கும் இந்த யோசனை திரையில் உயிர்பெற, வில்லனுக்கும் ஒரு ஆசை, ஒரு இழப்பு, ஒரு முடிவெடுத்த நாள் வேண்டும். அது இல்லாதபோது கண்ணாடியில் தெரியும் பிம்பத்தோடு ஒருவன் மோதுவதைத்தான் பார்க்கிறோம். ஒரே நிறத்தில் இரண்டு உருவங்கள் இருட்டில் புரண்டு சண்டை போடும்போது யார் அடிக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்பதே பல படங்களில் புலப்படுவதில்லை.

இந்த இடத்தில் மலையாளத்தின் ‘மின்னல் முரளி’ என்னை நிமிர்ந்து உட்காரவைத்த படம். பேசில் ஜோசஃப் இயக்கி 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒரே இரவில், ஒரே கிராமத்தில், இரண்டு பேர்மீது மின்னல் பாய்கிறது. ஒருவன் அமெரிக்கா போகத் துடிக்கும் தையல்காரன் ஜெய்சன். இன்னொருவன் ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிவைத்த ஷிபு. ஷிபுவாக நடித்திருப்பவர் நம் குரு சோமசுந்தரம். இங்கேயும் வில்லன் நாயகனின் பிம்பம்தான், அதே சக்திதான். ஆனால் படம் இருவருக்கும் தோற்றக்கதையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஷிபு கெட்டவனாகப் பிறக்கவில்லை. பல வருடமாக மனதில் வைத்திருந்த உஷாவுக்கு உதவத்தான் முதலில் தன் சக்தியைப் பயன்படுத்துகிறான். அவள் ஒருவழியாக அவனை ஏற்றுக்கொள்ளும் காட்சியில் குரு சோமசுந்தரத்தின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றோடொன்று கலந்து எது எதுவென்று தெரியாமல் நிற்கும். அடுத்து நடக்கப்போகும் கொடுமைகளுக்கு முன்னால், அந்த மனிதனுக்கு ஒரே ஒரு நல்ல நாள் கிடைத்தது என்பதை நாம் பார்த்துவிட்டோம். அதனால் அவன் அழிவுக்கு இறங்கும்போது கோபத்தோடு துக்கமும் சேர்ந்தே வருகிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஷிபுவின் துயரம் அவ்வளவு ஆழமாக இருப்பதால் ஜெய்சனின் மாற்றம் வெளிறித் தெரிகிறது. அவன் அமெரிக்கக் கனவை விட்டு ஊருக்காக நிற்கும் முடிவு, ஷிபுவின் வலிக்குப் பக்கத்தில் வைத்தால் எடை குறைவு. பெரும்பாலான படங்களில் நாயகன் வில்லனை விழுங்கிவிடுகிறான், இங்கே வில்லன் நாயகனை விழுங்கிவிடுகிறான். இருந்தாலும் இந்தத் தவறுதான் எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

க்ளைமாக்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பாட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 2017 ‘வொண்டர் வுமன்’ எனக்கு மிகவும் பிடித்த ஆரிஜின் படங்களில் ஒன்று. அதன் முடிவுதான் என்னை அதிகமாக வருத்தியது. முதல் உலகப் போர் நடக்கிறது. போர்க்கடவுள் ஏரிஸைக் கொன்றுவிட்டால் மனிதர்கள் தானாகவே நல்லவர்கள் ஆகிவிடுவார்கள் என்று நாயகி டயானா குழந்தை மாதிரி நம்புகிறாள். ஜெர்மன் தளபதி லூடண்டார்ஃப்தான் ஏரிஸ் என்று முடிவுகட்டி அவனைக் கொல்கிறாள். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. விஷவாயுக் குண்டுகளை ஏற்றும் வேலை தொடர்ந்து நடக்கிறது. அந்த நிமிடம் அவள் முகத்தில் தெரியும் குழப்பம் இந்த வகைப் படங்கள் தொட்ட உச்சங்களில் ஒன்று. தீமைக்கு ஒரு முகம் இல்லை, கொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. அப்படியிருந்தும் இந்த மனிதர்களுக்காக நிற்பாயா என்று படம் அவளிடம் கேட்கிறது. அவள் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய நாள் அது.

ஆனால் அடுத்த காட்சியில் ஏரிஸ் நிஜமாகவே வந்துவிடுகிறான். இரும்பும் மின்னலும் பறக்க, இருட்டில் நீண்ட சண்டை. ஏரிஸ் அழிந்ததும் பொழுது விடிகிறது, எதிரி வீரர்கள் முகமூடிகளைக் கழற்றி ஒருவரை ஒருவர் தழுவிக்கொள்கிறார்கள். மனிதர்களின் கொடுமைக்கு நான் காரணம் இல்லை, தூண்டியதோடு சரி என்று ஏரிஸ் வாயால் சொல்கிறான்தான். ஆனால் படம் காட்டும் காட்சி அதற்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. கடவுளைக் கொன்றதும் போர் ஓய்ந்த மாதிரியே இருக்கிறது. டயானாவின் குழந்தைத்தனமான நம்பிக்கை சரிதான் என்று ஆகிவிடுகிறது. ஒரு பெண் வளர்ந்த கதை, கடைசி நிமிடத்தில் அவளை வளரவிடாமல் செய்துவிட்டது.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதே முடிச்சில் மாட்டிக்கொண்ட படம் ஒன்று உண்டு. ரிச்சர்ட் டானர் 1978இல் இயக்கிய ‘சூப்பர்மேன்’. இன்றைய ஆரிஜின் படங்களுக்கு அச்சு அதுதான். அவன் பறந்து வந்து லோயிஸ் லேனை ஹெலிகாப்டரிலிருந்து காப்பாற்றுவது படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு. அதுவரை ஒரு கிரகத்தின் அழிவு, ஒரு வயல்வெளி, வளர்ப்புத் தந்தையின் மரணம். மாரடைப்பில் விழுந்த அவருடைய கல்லறைக்கு முன்னால் நின்று, இத்தனை சக்தி இருந்தும் என்னால் இவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று பின்னாளில் சூப்பர்மேன் ஆகும் இளைஞன் கிளார்க் அழுகிறான். எல்லையற்ற சக்தி உள்ளவனுக்கு ஒரு எல்லை உண்டு என்று அவன் கற்றுக்கொள்ளும் நாள் அது.

கடைசியில் லோயிஸ் இறந்துபோகிறாள். மனித வரலாற்றில் தலையிடாதே என்று பெற்ற தந்தையின் குரல் தடுக்கிறது. நீ ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் இங்கே வந்திருக்கிறாய் என்று வளர்த்த தந்தையின் குரல் நினைவுக்கு வருகிறது. அவன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறான். உணர்ச்சியளவில் இது எனக்கு நெகிழ்ச்சியான காட்சி. இரண்டு அப்பாக்களுக்கு நடுவே நிற்கும் மகன், வளர்த்தவரின் பக்கம் சாய்கிறான். ஆனால் கல்லறைக் காட்சி சொன்ன பாடத்தை இது துடைத்துவிடுகிறது. காலத்தைத் திருப்ப முடியும் என்றால் எந்த இழப்பும் இழப்பு இல்லை. ஒரே காட்சி படத்தின் உச்சமாகவும் ஓட்டையாகவும் இருப்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாம் பாகங்கள் பல நேரம் முதல் பாகத்தைவிட நன்றாக அமைவதற்கு, ஒரே படத்துக்குள் இரண்டு படங்களைச் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். 2004 ‘ஸ்பைடர்மேன் 2’, 2008 ‘தி டார்க் நைட்’ இரண்டுக்கும் அறிமுகச் சுமை இல்லை. ‘தி டார்க் நைட்’ படத்தில் ஜோக்கர் தன் வாயோரத் தழும்பு எப்படி வந்தது என்று ஒருவரிடம் ஒரு கதை சொல்கிறான், இன்னொருவரிடம் வேறொரு கதை சொல்கிறான். எது உண்மை என்று படம் சொல்வதே இல்லை. தோற்றக்கதை இல்லாததுதான் அவனைப் பயங்கரமாக்குகிறது.

திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அலுப்பும் சேர்ந்துகொண்டது. 2002இல் பார்த்த அதே சித்தப்பாவின் மரணத்தை 2012இல் இன்னொரு படத்தில், இன்னொரு நடிகரோடு மறுபடி பார்த்தோம். பேட்மேனின் தாய் தந்தை சந்தில் விழுவதை எத்தனை படங்களில் பார்த்தாயிற்று! 2017இல் டாம் ஹாலண்ட் ஸ்பைடர்மேனாக நடித்த தனிப்படம் சித்தப்பா இறந்த கதையைத் தொடவே இல்லை. 2022 ‘தி பேட்மேன்’ நாயகனின் இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கியது. தெரிந்ததைத் தாண்டிப் போவது நல்லதுதான். ஆனால் வெறுமனே தாண்டிவிட்டால் நாயகன் முடிவெடுத்த நாளும் சேர்ந்தே காணாமல் போகிறது. 2018 அனிமேஷன் படமான ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ அதற்கு ஒரு வழி கண்டது. நமக்குத் தெரிந்த கதைகளை வேகவேகமாகச் சொல்லித் தள்ளிவிட்டு, மைல்ஸ் மொராலஸ் என்ற பையனுக்கு மட்டும் முழு நேரத்தையும் கொடுத்தது. அவன் கட்டடத்திலிருந்து குதிக்கும்போது கேமரா தலைகீழாக இருக்கிறது. விழுகிறவன் மேலே ஏறுவது போலத் தெரிகிறான். பாய்வதற்குமுன் விரல்கள் கண்ணாடியை விட மறுத்து, அது உடைந்து கையோடு வருகிறது. பயம் போகவில்லை, பயத்தோடுதான் குதித்தான் என்று அந்த உடைந்த கண்ணாடி சொல்கிறது.

நாயகன் யாரை எதிர்த்து நின்றான் என்ற அந்த இரண்டாவது படத்தை ஒரு ஆரிஜின் படம் முழுதாகவே கைவிட்டால் என்ன ஆகும்? எம். நைட் ஷியாமளனின் 2000 ‘அன்பிரேக்கபிள்’ அதைத்தான் செய்தது. ரயில் விபத்தில் உயிர் பிழைத்த ஒரே மனிதன் டேவிட், ஒரு பாதுகாவலர். அவனுக்குப் பறக்கத் தெரியாது, பளபள உடை கிடையாது, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் மழை அங்கிதான். எடை தூக்கும் காட்சியில் அவன் மகன் எடையை ஏற்றிக்கொண்டே போகிறான். எடைகள் தீர்ந்ததும் பெயிண்ட் டப்பாக்களைத் தொங்கவிடுகிறான். இருவருமே பயந்துபோய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற படங்கள் பத்து நிமிடத்தில் கடந்துபோகும் இடத்தை இந்தப் படம் முழுப் படமாக்கியது. வேகம் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அது பொறுமையைச் சோதித்திருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் வரும் திருப்பத்தைவிட எனக்கு அதற்கு முந்தைய காலைதான் முக்கியம். சாப்பாட்டு மேசையில் டேவிட் செய்தித்தாளை மகன் பக்கம் சத்தமில்லாமல் நகர்த்துகிறான். முகம் தெரியாத ஒருவன் இரண்டு குழந்தைகளைக் காப்பாற்றினான் என்ற செய்தி, அங்கி போட்ட ஓர் உருவத்தின் படம். பையன் நிமிர்ந்து பார்க்கிறான், கண் நிறைகிறது. நீ சொன்னதுதான் சரி என்று அப்பா உதடு மட்டும் அசைகிறது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறாள்.